சாதாரணக் குரல்

"வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டிய அவசியம் இல்லை" என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் கிடங்கு வேலைக்கு மனுப் போட்டேன். சம்பளம் எவ்வளவு என்று அம்மா கேட்ட பிறகுதான் மற்ற வரிகளைப் படித்தேன்.

பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பாடம் வராமல் விடவில்லை. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினால்தான் தேர்ச்சி என்று ஒரு விதி இருந்தது. மூன்று முறை என் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் எனக்கு வயிறு வலித்தது. நான்காவது முறை வயிற்றுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவே இல்லை.

கிடங்கு ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. மளிகைக் கடைகளுக்குப் போகிற டப்பாக்களும் பைகளும் புட்டிகளும் முப்பத்தொரு வரிசைகளில் கூரை வரை அடுக்கியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மாலை ஷிப்ட் ஆரம்பம். முதல் நாள் மேற்பார்வையாளர் வெண்டல் என் கையில் ஒரு ஹெட்செட்டைக் கொடுத்தார். இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லை. அவரே சொன்னார்.

"இங்க பேப்பர் கிடையாதும்மா டெலா. எந்த வரிசை, எந்தத் தட்டுன்னு இது உன் காதுல சொல்லும். நீ அங்க போய், தட்டுல ஒட்டியிருக்கிற சீட்டைப் பாத்து, அதுல இருக்கிற ரெண்டு எண்ணைச் சொல்லணும். சரியா இருந்தா எத்தனை பெட்டின்னு சொல்லும். எடுத்து வண்டில அடுக்கிட்டு 'எடுத்தாச்சு'ன்னு சொல்லணும். அடுத்த தட்டு. அவ்ளோதான். எட்டு மணி நேரமும் பேசிட்டே இருக்கலாம். போரே அடிக்காது."

வாடிக்கையாளரிடம் பேச வேண்டாம் என்றுதான் போட்டிருந்தார்கள். பேசவே வேண்டாம் என்று போடவில்லை. விளம்பரத்தில் ஒரு பொய்யும் இல்லை.

ஒவ்வொருவர் குரலையும் மிஷினுக்குத் தனித்தனியாகப் பழக்க வேண்டும். என்னை அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார் வெண்டல். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, பிறகு ஏழெட்டு வார்த்தைகள், ஒவ்வொன்றையும் நான்கு முறை சொல்ல வேண்டும்.

"உன் சாதாரணக் குரல்ல சொல்லு. வீட்ல பேசற மாதிரி" என்றார்.

வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து வெண்டல் என் பக்கம் குனிந்து, "ஆரம்பிக்கலாம்மா" என்றார். அதற்குள் மிஷின், "நன்றி. உங்கள் குரல் பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லிவிட்டிருந்தது. என் பேச்சை முதல் தடவையிலேயே முழுசாகக் கேட்டு நன்றி சொன்னது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

எங்கள் நட்பு அந்த அறையோடு சரி. வெளியே குளிர்க்காற்றாடிகள் இரைந்தன. பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடித்தன. என் சாதாரணக் குரல் என் உதட்டைத் தாண்டுவதற்குள் காற்றாடி அதைச் சாப்பிட்டுவிட்டது. 

"மீண்டும் சொல்லவும்" என்றது மிஷின்.

சொன்னேன்.

"மீண்டும் சொல்லவும்."

கத்திப் பார்த்தேன். கத்தினால் இன்னும் மோசம். அது பழகியிருந்தது என் சாதாரணக் குரலை. கத்துகிற டெலாவை அதற்குத் தெரியாது. முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை மாதிரி, ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே கதவைச் சாத்தியது. குரலை மறுபடி பழக்கலாமா என்று வெண்டலிடம் கேட்டிருக்கலாம்தான். அதற்கு வெண்டலிடம் பேச வேண்டும்.

மணிக்கு இத்தனை பெட்டி எடுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதை எட்டினால் வேகம் நூறு. வேலைக்குச் சேர்ந்து அறுபது நாள் முடியும்போது கடைசி முப்பது நாள் சராசரி நூறு இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மூன்றாவது வாரம் நான் எழுபத்தொன்றில் இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பினால் வீட்டில் இருக்க முடியாது. அங்கேதான் கார்லா சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. ஊருக்குள் ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசையில் உட்கார்ந்து பத்து வருடமாகப் போன் எடுக்கிறாள். புது வருடத்தில் அவளை உள்ளே பெரிய மேசைக்கு மாற்றுகிறார்கள். காலியாகிற நாற்காலியை எனக்காகப் பேசி வைத்திருந்தாள்.

"போன் அடிக்கும். எடுத்து, குட் ஈவினிங், சொல்லுங்கன்னு கேக்கணும். பல்லு வலின்னு சொல்வான். இதுல பயப்பட என்னடி இருக்கு? அவன்தான் பயந்துட்டு இருப்பான்."

எங்கள் வீட்டில் போன் அடித்தால் நான் குளியலறைக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும் என்று சித்தி பெருமையாகச் சொன்னாள். நாற்பது குளியலறைக்கு எங்கே போவது?

"அறுபது நாள் பாப்போம்" என்றாள் அம்மா. "அங்க நிலைச்சா சரி. இல்லைன்னா மூச்சு விடாம கார்லா கூடப் போற."

நில்சா பக்கத்து வரிசையில் வேலை செய்தாள். பதினான்கு வருடமாக மாலை ஷிப்ட். அவளுடைய வேகம் எப்போதும் நூற்றுப் பதினைந்து. ஆனால் அவள் வேலை செய்கிறாள் என்பதே பார்ப்பவர்களுக்குத் தெரியாது. வண்டியை ஓட்டிக்கொண்டே, மைக்கைக் கட்டைவிரலால் மூடி மூடித் திறந்துகொண்டு, அந்தப் பக்கம் இருக்கும் கிழவர் பர்டெட்டிடம் கதை சொல்லிக்கொண்டிருப்பாள்.

"என் நாத்தனாரு இருக்காளே... நாலு ஏழு... கல்யாணத்துக்கு வெள்ளை கவுன் போட்டுட்டு வந்து நிக்கிறா... எடுத்தாச்சு... கட்டிக்கப் போறவ எம் மவ. இவ என்னவோ தனக்குத்தான் கல்யாணங்கிற மாதிரி... ஒம்பது ரெண்டு..."

"அழகா இருந்தாளா?" என்றார் பர்டெட்.

"யோவ், அதுவாய்யா இப்ப கேள்வி?"

அன்று நான் ஒன்றைக் கவனித்தேன். நில்சா "ஒம்பது ரெண்டு" என்று சொன்னபோது அந்தத் தட்டு இன்னும் முப்பது அடி தள்ளி இருந்தது. சீட்டு அவள் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

ஆறு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. அதை எல்லாரும் மதியச் சாப்பாடு என்றுதான் சொல்வோம். நில்சா அரிசிச் சோறும் பீன்ஸும் சூடு பண்ணிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் என் வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த தைரியத்தில் கேட்டேன்.

"எப்படி... பாக்காமயே?"

"என்னது? பர்டெட், இந்தப் பொண்ணு பேசுது!"

"நானும் உதடு அசையறதைப் பாத்தேன்" என்றார் பர்டெட்.

"சீட்டைப் பாக்காமயே எப்படின்னு கேட்டேன்."

நில்சா கரண்டியைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி. நீ என்ன, இத்தனை நாளா ஒவ்வொரு சீட்டையும் படிச்சிட்டா இருக்க?"

"படிக்கணும்னு போட்டிருக்கே." சுவரைக் காட்டினேன். மைக்ரோவேவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: பார். படி. சொல். மீறுவோர் வேலையிலிருந்து நீக்கப்படுவர்.

"போட்டிருக்கும். அதுக்குப் பக்கத்துல, கை கழுவினாத்தான் சாப்பிடணும்னு கூடப் போட்டிருக்கு. பர்டெட், கை கழுவினியா?"

"எதுக்கு?" என்றார் பர்டெட்.

சீட்டு எண்கள் மாறுவதே இல்லை. ஒரு தட்டுக்கு ஒரு எண், பதினோரு வருடமாக அதேதான். மாலை ஷிப்ட்டில் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் மனப்பாடம். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததற்குக் காரணம், நான் யாரையும் கேட்காததுதான்.

மனப்பாடம் எனக்கு வராத ஒன்றல்ல. பள்ளியிலும் எல்லாப் பதிலும் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் வரிசை காய்கறி டப்பா: சோளம் நாலு பூஜ்யம், பட்டாணி ஒன்று எட்டு, அவரை ஆறு ஆறு. வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத் தூங்குவேன். மூன்று வாரத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் எண்கள் வந்துவிட்டன.

இதில் யாரும் எதிர்பாராத லாபம் ஒன்று எனக்கு மட்டும் கிடைத்தது. வரிசைகளின் கோடியில், அட்டைப் பெட்டி நசுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், காற்றாடியே இல்லாத ஒரு மூலை உண்டு. அந்த அமைதியில் வண்டியைத் திருப்பும்போதே, முந்தைய தட்டுக்கு 'எடுத்தாச்சு' சொல்லி, போய்ச் சேர வேண்டிய தட்டின் எண்ணையும் என் சாதாரணக் குரலில் சொல்லிவிடுவேன். மிஷினுக்குப் பழைய சிநேகிதி வந்துவிட்டாள். ஒரு முறைகூட "மீண்டும் சொல்லவும்" இல்லை.

வேகம் தொண்ணூற்றாறு ஆனது. நூற்று ஒன்பது ஆனது. ஐம்பத்தோராம் நாள் நூற்று இருபத்து நாலு. அறிவிப்புப் பலகையில் என் பெயரை எல்லார் பெயருக்கும் மேலே எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டார் வெண்டல். முப்பது நாள் சராசரி நூறைத் தாண்டி நூற்று இரண்டில் நின்றது.

"பேசாத பொண்ணு, பேசியே நம்மளை அடிச்சிடுச்சு" என்றார் பர்டெட்.

அந்த வேகத்தில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் வரிசையில் எண்பத்தாறாம் தட்டு கிரான்பெர்ரி டப்பா. எண்பத்தேழு பீட்ரூட் டப்பா. இரண்டுக்கும் சிவப்புத் தாள். எண்பத்தாறின் சீட்டு எண்ணைத் தூரத்திலிருந்தே சரியாகச் சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் எண்பத்தேழிலிருந்து இருபத்திரண்டு பெட்டியை எடுத்து அடுக்கிவிட்டேன். தட்டின் முன்னால் நின்று சீட்டைப் படித்தால் இந்தத் தப்பு நடக்காது. நடக்கக்கூடாது என்றுதான் சீட்டு. மலைப்பக்கம் ஒரு சிற்றூர்க் கடைக்கு, கிரான்பெர்ரி இல்லாமல் நடக்காத தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு ஆறு நாள் முன்னால், அதில் ஒரு டப்பாகூடப் போகவில்லை. பீட்ரூட் மட்டும் ஊருக்கே போதுமான அளவு போனது. கடைக்காரர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் எந்த வார்த்தையும் மிஷினுக்குப் பழக்கக்கூடிய வார்த்தை இல்லை என்று கேள்வி.

தலைமை அலுவலகம் கணக்கைப் பார்த்தது. மாலை ஷிப்ட்டில் வேகம் ஏறுகிறது, தப்பும் ஏறுகிறது. யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது. சீட்டுகள் பழசாகி அழுக்கேறிவிட்டன. பாவம், தொழிலாளர்களால் அவற்றைப் படிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை வெண்டல் என்னைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை கெட்டரிங் மேடம் தலைமை ஆபீஸ்லேருந்து வராங்க. உனக்கும் அன்னைக்குத்தான் அறுபதாம் நாள். நல்ல சகுனம்! ஷிப்ட் ஆரம்பிக்கிறப்ப எல்லாரும் கைகால் நீட்டி உடற்பயிற்சி பண்றோமில்ல, அது முடிஞ்சதும் நீ முன்னால வந்து அஞ்சு நிமிஷம் பேசணும்."

"நானா?"

"வேற யாரு? எப்படி இந்த வேகம் வந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். அது முடிஞ்சதும் மேடம் முன்னாலயே உன் நிரந்தரப் பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்."

அதே ஐந்து நிமிடம். பள்ளியில் விட்டுவிட்டு வந்ததை யாரோ தபாலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் சுவரில் இருக்கிற கடைசி வாக்கியம். வயிறு வலித்தால் கையெழுத்து இல்லை, பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு பேச்சுத் தயாரித்தேன். நிறையத் தண்ணீர் குடிக்கிறேன். நல்ல ஷூ போடுகிறேன். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. நான் பேசிய வேகத்தில் அது பதினோரு நொடிகள் வந்தது.

திங்கட்கிழமை நெடுஞ்சாலையில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து, கெட்டரிங் மேடம் நெரிசலில் மாட்டிக்கொண்டார். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார் வெண்டல். நான் அந்த லாரிக்காரருக்கு அடி ஒன்றும் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

"வரிசை பன்னிரண்டு, தட்டு நாற்பது" என்றது மிஷின். மூலையிலிருந்து எண்ணைச் சொன்னேன்.

"எண் தவறு."

மறுபடி சொன்னேன். "எண் தவறு." இத்தனை நாளில் அது என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. பக்கத்து வரிசையில் நில்சாவின் சத்தம் கேட்டது.

"நாலு ஏழு. நாலு ஏழு! அட நாலு ஏழுங்கிறேன், உனக்கென்ன காது அவிஞ்சு போச்சா?"

அதற்கு அப்பால் பர்டெட். அதற்கும் அப்பால் இன்னொருவர். முப்பத்தொரு வரிசையிலும் நாற்பது பேர் பதினோரு வருடத்து எண்களை விதவிதமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை விட்டு இறங்கித் தட்டின் முன்னால் போய் நின்றேன். சீட்டு புத்தம் புதிதாக, மஞ்சளாக இருந்தது. எண்ணும் வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துக் கிடங்கு முழுக்க மாற்றியிருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்களாம். பலகையில் நட்சத்திரத்தைத் தவிர வேறெதையும் நாங்கள் படிப்பதில்லை. ஆனால் வெள்ளையாக இருந்த சீட்டெல்லாம் மஞ்சளாகியும், மிஷின் தப்பு என்று சொல்லும் வரை நாற்பது பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

"இது எப்பய்யா மஞ்சளாச்சு?" என்றாள் நில்சா.

"முன்னால என்ன கலரு?" என்றார் பர்டெட். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அதன் பிறகு எல்லாரும் படித்துச் சொல்லத்தான் பார்த்தோம். கண் புது எண்ணைப் படிப்பதற்குள் வாய் பழைய எண்ணைச் சொல்லிவிட்டது. நான்கு மணிக்குக் கெட்டரிங் மேடம் கையில் கணினிப் பலகையோடு உள்ளே வந்தபோது மாலை ஷிப்ட்டின் வேகம் நாற்பத்திரண்டு. என்னுடையது முப்பத்தெட்டு. அன்றைய நாள் கணக்கில் சேர்ந்தால் சராசரி நூறுக்குக் கீழே போய்விடும்.

மேடம் எல்லா வண்டிகளையும் நிறுத்தச் சொன்னார். நாற்பது பேரும் பன்னிரண்டாம் வரிசையில் கூடினோம்.

"போன வாரம் நூத்துப் பத்து. இன்னைக்கு நாப்பத்திரண்டு. மாத்தினது சீட்டு ஒண்ணுதான், அதுவும் தெளிவா, பெரிய எழுத்துல. என்ன பிரச்சினை?"

யாரும் பேசவில்லை. என் வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு கூட்டத்தில் எல்லாரும் என்னைப் போலவே இருந்தார்கள்.

கடைசியில் பர்டெட் தொப்பியைக் கழற்றினார். "சீட்டு சரியில்லைங்க மேடம்."

"என்ன சரியில்லை?"

"பாக்கிறோம், படிக்கிறோம், சொல்றோம்." சுவரில் இருப்பதை அப்படியே ஒப்பித்தார். "தப்புங்குதுங்க."

"ஆமா மேடம்" என்றாள் நில்சா. "பதினாலு வருஷமா பாத்துப் படிக்கிறவங்க நாங்க. எங்க கண்ணு பொய் சொல்லுமா?"

மேடம் சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. "குடுங்க பாப்போம்" என்று நில்சாவின் ஹெட்செட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். கணினிப் பலகையில் பக்கத்துத் தட்டை அதற்குப் போட்டு, அதன் முன்னால் நின்று, மஞ்சள் சீட்டைப் பார்த்து, பாடம் நடத்துகிற குரலில் படித்தார். "ஏழு. மூணு."

அது நில்சாவின் குரலுக்குப் பழகிய மிஷின். தலைமை அலுவலகத்திலிருந்து ஜனாதிபதியே வந்து சொன்னாலும் அது கேட்காது. கிடங்கில் ஒரு நாள் வேலை செய்தவர்களுக்குக்கூட இது தெரியும். மேடம் ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

"மீண்டும் சொல்லவும்னு சொல்லுது" என்றார் மேடம், முகம் மாறி.

நாற்பது பேரும் வருத்தமாகத் தலையை ஆட்டினோம். நான் வெண்டலைப் பார்த்தேன். எங்கள் குரல்களையெல்லாம் அந்தச் சின்ன அறையில் உட்கார வைத்துப் பழக்கியவர் அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெண்டல் அண்ணாந்து கூரை விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப் பத்து அவருக்கும்தான் நன்றாக இருந்தது.

"சரி. உங்கள்ல ரொம்பத் துல்லியமானவங்க யாரு?" என்றார் மேடம். "அந்த நட்சத்திரம் போட்ட பொண்ணு?"

கூட்டம் விலகியது. விலகினால் நடுவில் மிச்சமாவது நான்தான்.

"வாம்மா. பயப்படாத. இதே தட்டை உனக்கும் போட்டுட்டேன், உன் ஹெட்செட்லயே சொல்லு. சத்தம் எனக்கும் கேக்கற மாதிரி ஒரு காதைத் திருப்பி வெச்சுக்கோ. சீட்டைப் பாத்து எல்லார் முன்னாலயும் படி."

அப்போது குளிர்க்காற்றாடிகளையும் நிறுத்தியிருந்தார்கள். கிடங்கு, குரல் பழக்கிய அந்தச் சின்ன அறையைவிட அமைதியாக இருந்தது. நான் என் சாதாரணக் குரலில் "ஏழு மூணு" என்று முணுமுணுத்தால் போதும், மிஷின் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டால் சீட்டு சரி. சீட்டு சரியென்றால் நாற்பது பேர் எதைப் படித்துச் சொன்னார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அறுபது நாள் முடியாத நான்தான் முதலில் வெளியே போவேன். கார்லா சித்தியின் நாற்காலி. நாற்பது போன்.

நில்சா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பர்டெட் தொப்பியைக் கசக்கினார்.

எனக்கு வயிறு வலித்தது. ஆனால் வலிக்கு அது நேரமில்லை. மூச்சை இழுத்து, பிறந்ததிலிருந்து செலவழிக்காமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"ஏழு! மூணு!"

கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. மிஷினுக்கும் தெரியவில்லை.

"மீண்டும் சொல்லவும்."

"ஏழு! மூணு!!"

"மீண்டும் சொல்லவும்."

மூன்றாவது முறை நான் கத்தியதில் கூட்டத்தில் யாரோ ஒரு டப்பாவைக் கீழே போட்டார்கள். உண்மையை இவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் சொன்னதில்லை, அதற்குப் பின்னும் சொன்னதில்லை. மிஷின் ஒரு தடவைகூட நம்பவில்லை.

"போதும், போதும்" என்று மேடம் என் தோளைத் தொட்டார். "பாவம், இந்தப் பொண்ணு இதுக்கு மேல எப்படித் தெளிவாச் சொல்லும்? வெண்டல், இந்தச் சீட்டு எல்லாத்தையும் உரிச்சுப் போடச் சொல்லுங்க. பழைய எண்ணே இருக்கட்டும். இன்னைக்கு நாளை யார் கணக்குலயும் சேக்காதீங்க. இவங்க தப்பு ஒண்ணும் இல்ல."

"நானும் அதான் நினைச்சேன் மேடம்" என்றார் வெண்டல், விளக்குகளிலிருந்து இறங்கி வந்து.

ஆறு மணிச் சாப்பாட்டில் நில்சா தன் டப்பாவிலிருந்து வறுத்த பன்றி இறைச்சியில் பெரிய துண்டை எடுத்து என் ரொட்டி மேல் வைத்தாள். "ஏன்டி, இந்தத் தொண்டையை இத்தனை நாளா எங்க வெச்சிருந்த? எம் மவ கல்யாணத்துல இருந்திருந்தா என் நாத்தனாரை வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கலாம்."

"பாட்டுக்கீட்டு வருமா?" என்றார் பர்டெட்.

இடைவேளை முடியும்போது வெண்டல் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நிரந்தரப் பேப்பர் மேசையில் இருந்தது. சராசரி நூற்று இரண்டு. கையெழுத்துப் போட்டு என் கையைக் குலுக்கினார். கெட்டரிங் மேடம் கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று சிரித்தார்.

"இன்னொரு நல்ல செய்தி" என்றார் வெண்டல். "மேடமே கேட்டாங்க. இவ்ளோ கணீர்னு பேசுற பொண்ணை பீன்ஸ் டப்பா தூக்க விடலாமான்னு. லாரிக்காரங்களுக்கு எந்தக் கதவுல வண்டியை விடணும்னு போன்ல சொல்ற மேசை இருக்கில்ல? அங்க இருக்கிற ஆளு பேசறது ஒருத்தருக்கும் கேக்க மாட்டேங்குது. நாளையிலேருந்து நீ அங்க."

"போனா?" என்றேன்.

"என்ன?" என்றார் மேடம். "கேக்கல."

என் குரல் அது இல்லை என்று சொல்லலாம். பிறகு என் குரல் எது என்று சொல்ல வேண்டும். பிறகு மிஷினுக்கு எது பழக்கம் என்று சொல்ல வேண்டும். அங்கிருந்து மைக்ரோவேவுக்கு மேலே இருக்கிற சுவருக்கு அதிக தூரம் இல்லை.

"ரொம்ப நன்றிங்க!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா?" என்றார் மேடம், வெண்டலிடம்.

"போன் வேலையா?" என்றாள் கார்லா சித்தி, அன்று வீட்டுக்கு வந்ததும். "எத்தனை போன் வரும்?"

"தொண்ணூறு."

"அதுக்கு எங்ககிட்டயே வந்திருக்கலாம். ஓசில பல்லாவது பாத்திருப்பாங்க."

மறுநாள் போன் மேசை இருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்தேன். குளியலறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. முதல் மணி அடித்தது. எடுத்தேன். லாரிக்காரர் தன் வண்டி எண்ணைச் சொன்னார். திரையைப் பார்த்து, என் சாதாரணக் குரலில், எந்தக் கதவு என்று சொன்னேன்.

"என்னது? மறுபடி சொல்லு" என்றார் அவர். மிஷின் அளவுக்கு அவருக்கு மரியாதை தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டேன். "ஆறு! ரெண்டு!"

"அம்மாடி. புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று வைத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் இரண்டு எண் சொல்லுகிற வேலைதான். சொல்லிவிட்டு வைத்துவிடலாம். வருகிற லாரிகளும் அநேகமாக அதே லாரிகள்தான். எந்த ஊர் வண்டிக்கு எந்தக் கதவு என்பதும் அநேகமாக மாறுவதில்லை. ஒரு நாளைக்குப் பத்து வண்டி என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் எல்லாம் வந்துவிட்டது. இப்போது லாரிக்காரர் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் கதவு எண்ணைச் சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். வெண்டல் என் பெயருக்குப் பக்கத்தில் இரண்டாவது நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

திரையைப் பார்த்த பிறகே கதவு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று மேசைக்கு மேலே ஒன்று ஒட்டியிருக்கிறது. என்ன நிறத் தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.